டிப்ஸை வெட்டினால் மெனு திரும்பி வராது

போன வாரம் இன்னொரு குடும்பம். திருச்சிக்காரர்கள், எட்டுப் பேர், சிங்கப்பூரிலிருந்து கிளம்பி நான்கு இரவு போய்வரும் கப்பல். டிக்கெட் போட்டுக் கொடுத்தது நான்தான். ஊர் திரும்பிய மறுநாளே போன் வந்துவிட்டது. பஃபேயில் முதல் நாள் வைத்ததையே மூன்றாம் நாளும் வைத்தான், டைனிங் ஹாலில் ஒரு தட்டு வருவதற்குள் குழந்தை தூங்கிவிட்டது, நல்ல ரெஸ்டாரன்ட் எல்லாவற்றுக்கும் தனிக் காசு. எல்லாமே நியாயமான புகார்தான், ம் கொட்டிக்கொண்டே கேட்டேன். கடைசியில் பெருமையாக ஒன்று சொன்னார் பாருங்கள்: "சும்மா விடலை சார், ரிசப்ஷன்ல போய் எட்டுப் பேருக்கும் சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொல்லிட்டேன். அப்பத்தான் அவனுங்களுக்குப் புத்தி வரும்."

யாருக்குப் புத்தி வரும்? அந்த சர்வீஸ் சார்ஜ் என்பது கப்பலில் வேலை செய்பவர்களுக்குப் போகும் டிப்ஸ். கப்பல் டைனிங் ஹாலில் அசிஸ்டன்ட் வெயிட்டராகச் சேர்ந்து ஹெட் வெயிட்டர் வரை வேலை பார்த்துவிட்டு இப்போது கரையில் உட்கார்ந்து கப்பல் டிக்கெட் விற்கிறேன். இந்தக் கதையை ஊர் பேர் மட்டும் மாறி எத்தனையோ முறை கேட்டாகிவிட்டது. போனில் அவரிடம் சொல்ல முடியாததை எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று, நீங்கள் சொல்வது பொய்யில்லை. கப்பலில் சாப்பாடு சுருங்கித்தான் போயிருக்கிறது. ஐஸ் சிற்பம், சாக்லேட் மலை என்று நள்ளிரவில் வைத்த பஃபே பெரும்பாலான கப்பல்களில் காணாமலே போய்விட்டது. கேபினுக்குச் சாப்பாடு வரவழைப்பது இலவசமாக இருந்தது. 2015ல் நார்வீஜியன் என்ற கப்பல் கம்பெனி அதற்கு 7.95 டாலர் வைத்தது, 2017ல் ராயல் கரீபியன் கம்பெனியும் அதே 7.95. கார்னிவல் கப்பலில் டின்னருக்கு இரண்டு மெயின் டிஷ் வரை சும்மா, மூன்றாவது கேட்டால் 5 டாலர் என்று ஆனது. சாப்பாடு மட்டும் இல்லை. 2023 தொடக்கத்தில் நார்வீஜியன், சாதாரண கேபின்களை நாளுக்கு இரண்டு முறை சுத்தம் செய்வதை ஒரு முறையாக்கியது. கரைக்கு இறங்கும் நாளில் பல கப்பல்களில் டைனிங் ஹாலை மதியம் திறப்பதே இல்லை. இதெல்லாம் ஊரறிந்த விஷயம், யாரும் மறைக்கவும் இல்லை.

ஏன் என்று கேட்டால் கொரோனா என்பார்கள். பாதி உண்மை. 2020 மார்ச்சில் நின்ற கப்பல்கள் அமெரிக்காவிலிருந்து திரும்பக் கிளம்ப 2021 ஜூன் ஆயிற்று. வருமானம் இல்லாமல் கப்பலை வைத்துப் பராமரிக்கக் கடன் வாங்கினார்கள். கார்னிவல் குழுமத்தின் கடன் மட்டும் உச்சத்தில் 3,500 கோடி டாலரைத் தொட்டது. சரி, அப்போது குறைத்தார்கள், ஒப்புக்கொள்வோம். 2024ல் அதே குழுமத்துக்கு 190 கோடி டாலர் நிகர லாபம், ராயல் கரீபியனுக்குக் கிட்டத்தட்ட 290 கோடி. லாபம் திரும்பி வந்துவிட்டது, தட்டில் குறைத்தது திரும்பி வரவில்லை. இதில் எனக்கும் கோபம் உண்டு.

கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். 2023ல் கார்னிவல் குழுமத்துக்கு வந்த 2,160 கோடி டாலரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே டிக்கெட் காசு இல்லை. பார், கசினோ, ஸ்பா, தனிக் காசு ரெஸ்டாரன்ட் என்று ஏறிய பிறகு பயணிகள் செலவழித்தது. சாப்பாட்டுச் சாமானுக்கு அவர்கள் செலவழித்ததோ 100 டாலர் வருமானத்துக்கு 6 டாலர் சொச்சம்தான். இவ்வளவு சின்னச் செலவில் ஏன் கை வைக்கிறார்கள்? எண்ணெய் விலை அவர்கள் கையில் இல்லை, கடனுக்கு வட்டி கட்டித்தான் ஆக வேண்டும், துறைமுகக் கட்டணத்தை நினைத்தபடி குறைத்துவிட முடியாது. மெனுவை மட்டும் ஆபீஸில் உட்கார்ந்தபடியே அடுத்த மாதம் மாற்றிவிடலாம். அது மட்டுமா, இலவச டைனிங் ஹால் கொஞ்சம் சுமாராக இருந்தால்தானே பக்கத்துக் காசு ரெஸ்டாரன்ட்டில் கூட்டம் வரும்?

இப்போது என்னை உண்மையிலேயே கொதிக்க வைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். "அந்த வெயிட்டர் உள்ளே வச்சிருக்கான் சார், நமக்குத் தரமாட்டேங்கறான். வெள்ளைக்காரனுக்குத்தான் குடுப்பான்." நன்றாகப் படித்தவர்கள், வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள்கூட இதை நம்புகிறார்கள்.

ஐயா, வெயிட்டரிடம் ஒன்றுமே இல்லை. கப்பலின் மெனு கப்பலில் போடுவது கிடையாது. மயாமி மாதிரி ஊரில் இருக்கிற தலைமை அலுவலகத்தில் போடுகிறார்கள். எந்த ராத்திரி எந்த டிஷ், அதில் கறி எத்தனை கிராம், சாஸ் எத்தனை கரண்டி, தட்டில் எது எங்கே உட்கார வேண்டும் என்பது வரை ரெசிப்பி கார்டில் வந்துவிடும், கூடவே ஒரு கலர் படம். அந்தப் படத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தட்டு வெளியே போகும் மேடைக்கு மேலே ஒட்டி வைத்திருப்பார்கள். நான் இருந்த ஒரு கப்பலில் இறால் காக்டெயில் படத்தில் ஐந்து இறால் இருந்தது. ஒரு திங்கட்கிழமை போனால் புதுப் படம். நான்கு இறால், லெட்டூஸ் இலை கொஞ்சம் தூக்கலாக. அவ்வளவுதான், யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போய், முந்தைய வருஷமும் அதே கப்பலில் வந்திருந்த ஒரு பாட்டியம்மா விரல் விட்டு எண்ணுவதைச் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டு நின்றது மட்டும் என் வேலை.

சரி, செஃப் மனசு வைத்தால்? அவர் கையும் கட்டித்தான் இருக்கிறது. ஒரு பயணிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு டாலர் என்று எக்ஸிக்யூட்டிவ் செஃப்புக்குக் கணக்கு கொடுத்திருப்பார்கள். தாண்டினால் அவர், கப்பலில் சாப்பாடு, கேபின் எல்லாவற்றையும் மேற்பார்க்கும் ஹோட்டல் டைரக்டருக்குப் பதில் சொல்ல வேண்டும், ஹோட்டல் டைரக்டர் கரையில் இருக்கிற தலைமை அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். சாமான் முழுக்க ஆர்டர் போட்டுத் துறைமுகத்தில் பேலட் பேலட்டாக ஏற்றியது. நடுக்கடலில் தீர்ந்தால் தீர்ந்ததுதான், பின்பக்கம் அண்ணாச்சி கடை கிடையாது. வெயிட்டர் ஆர்டரை மெஷினில் அடித்தால்தான் சமையலறையிலிருந்து தட்டு வெளியே வரும். இதில் அவர் எங்கே பதுக்குவது, எங்கே வெள்ளைக்காரனுக்கு எடுத்துக் கொடுப்பது?

தட்டு லேட்டாக வருகிறதென்றால் அதற்கும் காரணம் உண்டு. நான் சேர்ந்தபோது ஒரு வெயிட்டருக்கும் அவருடைய அசிஸ்டன்ட்டுக்கும் ஐந்து மேசை. வேலையை விட்டபோது எட்டு. ஆள் அதே இரண்டு பேர். அவர்களும் காலையில் பஃபேயில் நின்று, மதியம் நின்று, நடுவில் பாதுகாப்புப் பயிற்சிக்கும் ஓடிவிட்டு ராத்திரி உங்கள் முன்னால் வந்து நிற்கிறவர்கள். 24 மணி நேரத்தில் 10 மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று சர்வதேசக் கடல் தொழிலாளர் ஒப்பந்தம் சொல்கிறது. மிச்ச நேரத்தில் எவ்வளவு வேலை இருக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். (இந்த வேலைக்குப் பிள்ளையை அனுப்ப நினைப்பவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை: கப்பலில் வேலை வாங்கித் தருகிறேன் என்று எந்த ஏஜென்ட்டாவது லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சேர்த்துவிடுவதற்குக் காசு வாங்குவதே சட்டப்படி தப்பு. அதைத் தனியாக எழுதுகிறேன்.)

இனி அந்த சர்வீஸ் சார்ஜ். பெரிய கம்பெனிகளில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை உங்கள் கணக்கில் தானாகவே ஏறும். பெரும்பாலான கம்பெனிகளில் வெயிட்டருக்கும் கேபின் சுத்தம் செய்பவருக்கும் அடிப்படைச் சம்பளம் என்று கம்பெனி தருவது சொற்பம், வீட்டுக்கு அனுப்பும் காசு இந்தப் பணத்திலிருந்துதான் வருகிறது. திருச்சிக்காரர் எடுக்கச் சொன்னது குறைந்த கணக்கிலேயே 512 டாலர். மெனுவைக் குறைத்த ஆபீஸ்காரருக்கு இது உறைக்கக்கூட உறைக்காது, அந்தத் தேதியில் அப்படி ஒரு குடும்பம் கப்பலில் இருந்ததே அவருக்குத் தெரியாது. அபராதம் கட்டியது உங்கள் படுக்கையை மடித்துவிட்டு, துண்டில் யானை செய்து வைத்துவிட்டுப் போன பையனும், உங்கள் குழந்தைக்கு நூடுல்ஸில் காரம் வேண்டாம் என்று சமையலறையில் நின்று சண்டை போட்ட தம்பியும்தான். ஒருத்தர் நிஜமாகவே மரியாதையில்லாமல் நடந்துகொண்டால் அவர் பேரைச் சொல்லிப் புகார் கொடுங்கள், நானே எழுதித் தருகிறேன். இறால் குறைந்ததற்கு இவர்கள் வயிற்றில் அடிக்காதீர்கள்.

அப்படியென்றால் என்னதான் செய்வது? வாயை மூடிக்கொண்டு சாப்பிட வேண்டுமா? வேண்டாம். சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னால் வேலை நடக்கும். பஃபேயிலிருந்து சாப்பாட்டுத் தட்டைக் கேபினுக்கு எடுத்துப்போகக் கூடாது என்று 2015ல் நார்வீஜியன் ஒரு தடை போட்டது. பயணிகள் போட்ட சத்தத்தில் சீக்கிரமே வாபஸ் வாங்கியது. அந்தச் சத்தம் கம்பெனியைப் பார்த்துப் போட்டது, வெயிட்டரைப் பார்த்து அல்ல.

டிக்கெட் போடும்போதே எந்த ரெஸ்டாரன்ட் காசில்லாதது, எது காசுக்கு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "எல்லாம் இன்க்ளூடட்" என்று ஒரே வார்த்தையில் சொல்லும் ஏஜென்ட்டை நம்பாதீர்கள், என் தொழில்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. காசு ரெஸ்டாரன்ட்டில் ஒரு ராத்திரியாவது சாப்பிடும் எண்ணம் இருந்தால் ஏறுவதற்கு முன்பே ஆப்பில் வாங்குங்கள். அநேகமாகக் கப்பலுக்குள் வாங்குவதைவிடக் குறைவாக இருக்கும்.

சைவமா, ஜெயின் சாப்பாடா, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதா? ஒன்றரை மாதம் முன்பே எழுத்தில் கொடுங்கள். ஏறிய முதல் ராத்திரியே ஹெட் வெயிட்டரைப் பார்த்து மறுநாள் மெனுவைக் கேளுங்கள். முன்னாலேயே சொல்லி வைத்தால் வெங்காயம் பூண்டு இல்லாமல் தனியாகச் செய்து தருவார்கள், அது தினமும் நடக்கிற சாதாரண வேலை. எட்டரை மணிக்கு மேசையில் உட்கார்ந்துகொண்டு, "பனீர் இல்லையா?" என்று கத்தினால் நடக்காது. இன்னொன்று, நம் ஊர்ப் பையன்கள் இல்லாத கப்பல் சமையலறை அபூர்வம். மெனுவில் இல்லாவிட்டாலும், பணிவாக ஒரு வார்த்தை கேட்டால் பருப்பும் சாதமும் வந்து சேரும்.

மூன்று மெயின் டிஷ் வாங்கி மூன்றிலும் ஒரு வாய் எடுத்துவிட்டு மிச்சத்தை ஒதுக்கி வைப்பவர்களே, உங்களைத்தான். வீணாகும் சாப்பாட்டை இப்போது எடை போட்டுக் கணக்கு வைக்கிறார்கள். 2019 அளவிலிருந்து 2025க்குள் 40 சதவீதம் குறைப்பது என்று கார்னிவல் குழுமம் இலக்கே வைத்தது. கடலுக்கு அது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் திரும்பி வரும் தட்டில் எது மிஞ்சுகிறதோ அதைத்தான் அடுத்த மெனுவில் முதலில் குறைப்பார்கள், காரணத்தை நீங்களே கையில் எடுத்துக் கொடுக்கிறீர்கள். பஃபே மூடும்போது ட்ரே ட்ரேயாகக் கொட்டுகிறார்களே, அதை எங்களுக்குக் கட்டித் தந்தால் என்ன என்றும் கேட்கிறார்கள். வெளியே வைத்து நான்கு மணி நேரம் ஆன பதார்த்தத்தைக் கொட்டியே ஆக வேண்டும், சுகாதார விதி. நாலாயிரம் பேர் இருக்கும் கப்பலில் வயிற்றுப்போக்கு பரவினால் என்ன ஆகும் என்று பார்த்தவன் சொல்கிறேன், அதில் விளையாடாதீர்கள்.

கப்பல் சாப்பாட்டை நம்பாமல் எலக்ட்ரிக் குக்கர், கெட்டில் எல்லாம் பெட்டியில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஏறும்போதே ஸ்கேனரில் பிடித்து வாங்கி வைத்துவிடுவார்கள், இறங்கும்போதுதான் கிடைக்கும். கப்பலில் தீயைப் போல் பயப்படும் விஷயம் வேறில்லை. வீட்டில் கட்டிய புளியோதரையும் பெரும்பாலும் உள்ளே போகாது. கடையில் வாங்கி உறை பிரிக்காத பொடி, ஊறுகாய், தட்டை, முறுக்கு என்றால் பொதுவாக விட்டுவிடுவார்கள்.

புகாரைக் கடைசி ராத்திரி வரை சேர்த்து வைக்காதீர்கள். முதல் நாளே சரியில்லையென்றால் இரண்டாம் நாள் காலையில் டைனிங் மேனேஜரைத் தேடிப் போங்கள். என்ன டிஷ், எந்த வேளை, என்ன குறை என்று சொல்லுங்கள். மேசையை மாற்றுவது, ஆறின தட்டைத் திருப்பி வேறு தருவது, ஒரு ராத்திரி வேறு இடத்தில் சாப்பிட வைப்பது எல்லாம் அவர் கையில் இருக்கிறது. இறால் எண்ணிக்கை அவர் கையிலும் இல்லை, அதை மட்டும் அவரிடம் கேட்காதீர்கள்.

இறங்கிய பிறகு கம்பெனியிலிருந்து கருத்து கேட்டு ஒரு மெயில் வரும். அதில்தான் நிறையப் பேர் சொதப்புகிறார்கள். சாப்பாடு பிடிக்காத கோபத்தில் எல்லாக் கேள்விக்கும் பத்துக்கு நான்கு போட்டுவிடுவார்கள். வெயிட்டரைப் பற்றிய மார்க் அவர் பேரில் போய்ச் சேரும், பதவி உயர்வு, அடுத்த கான்ட்ராக்டில் எந்தக் கப்பல் என்பதெல்லாம் அதைப் பார்த்துத்தான். ஆகவே ஆளுக்கு உரிய மார்க்கை ஆளுக்குப் போடுங்கள், பேர் ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். சாப்பாட்டுக்கு எவ்வளவு கம்மியாகப் போட வேண்டுமோ போடுங்கள். கீழே காலியாக ஒரு பெட்டி இருக்கும், அதில் எது குறைந்தது, போன முறை எப்படி இருந்தது, இதனால் அடுத்த முறை வேறு கம்பெனியில் போகப் போகிறீர்களா என்று நாலு வரி எழுதுங்கள். மெனு போடுகிற ஆபீஸுக்குப் போவது அதுதான். அந்த மெயில் இறங்கின சில நாளில் வந்துவிடும், கண்ணில் படவில்லையென்றால் ஸ்பேமில் தேடிப் பாருங்கள். கொஞ்ச நாளில் அந்த லிங்க் மூடிவிடும்.