தேங்காய்த்தொட்டி வாயுவில் காயும் கொப்பரை

காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்து உலர்களங்களில் கொப்பரை வெயிலில்தான் காய்கிறது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஈரப் பருப்பு வழுவழுத்துப் பூசணம் பூக்கும். அஃப்ளாடாக்சின் நச்சும் சேரலாம். தேங்காய்த்தொட்டியை (சிரட்டையை) அடியில் எரித்து நேரடியாகப் புகையில் உலர்த்தினாலோ பருப்பு பழுப்பேறும், புகையின் நச்சுச் சேர்மங்கள் எண்ணெயிலும் இறங்கும். அதே தொட்டியை வாயுவாக்கி எரிப்பது நல்ல வழி.

ஒரு கிலோ தொட்டி முழுதாக எரிய ஏறக்குறைய 6 கிலோ காற்று வேண்டும். தொட்டியை வாயுவாக்கும் உலையான கேசிஃபையரில் 1.5 கிலோதான் விடுகிறோம். காற்று நுழையும் இடத்தில் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டும். மேலிருந்து இறங்கும் தார் ஆவி அந்தச் சூட்டைக் கடக்கும்போது உடைகிறது. அதற்கும் கீழே தணல் படுக்கை. அங்கே கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் கரியோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் ஆகின்றன. வெளிவரும் வாயுவில் பாதி நைட்ரஜன். ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1,100 கிலோ கலோரிதான். உலர்த்த அது தாராளம்.

ஒரு டன் ஈரப் பருப்பை 50 சதவீத ஈரத்திலிருந்து 6-க்குக் கொண்டுவர 470 லிட்டர் நீர் போக வேண்டும். எல்லா இழப்பும் சேர்த்து லிட்டருக்கு 10 மெகாஜூல் வெப்பம் என்று வைத்தால் 260 கிலோ தொட்டி எரித்தால் போதும். அந்தக் காய்களிலேயே 400 கிலோவுக்கு மேல் தொட்டி கிடைக்கும். மீதியைக் கரிச்சூளைக்கு விற்கலாம்.

பெரும்பாலான கோளாறு தொட்டியைத் தயார் செய்வதில்தான். அரைமூடிகளை அப்படியே கொட்டினால் ஒன்றுக்குள் ஒன்று செருகி, உலையின் குறுகலான கழுத்துக்கு மேல் பாலம்போல் நிற்கும். கீழே கரி தீர்ந்து குழி விழும், வாயு உள்ளேயே எரிந்துவிடும். 2 முதல் 5 சென்டிமீட்டர் துண்டுகளாக உடையுங்கள், தூளைச் சலித்து நீக்குங்கள். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் சூடு குறையும், தார் உடையாமல் குழாயில் ஒட்டும். பர்னருக்கு வாயுவைக் குளிரவைக்கத் தேவையில்லை. வாயுவைச் சுழலவிட்டுத் தூசி பிரிக்கும் சைக்ளோனில் தூசி நீக்கி, காப்பிட்ட குட்டைக் குழாயில் 300 டிகிரிக்குக் குறையாமல் கொண்டுபோனால் தார் படியாது. நெல் உமியை இதில் போடாதீர்கள். அதன் சாம்பல் 20 சதவீதத்தை நெருங்கும், அதற்குக் கழுத்தில்லாத வேறு அமைப்பு வேண்டும்.

பற்றவைத்ததும் வரும் வெள்ளைப் புகையைத் தனிக் குழாயில் வெளியே விட்டு, சுடர் நிலைத்த பிறகே பர்னருக்குத் திருப்ப வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, மூடிய அறையில் உயிரைக் குடிக்கும். கொட்டகையின் பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். அணைத்த பின் காற்று வழிகளை அடைத்து, உலை முழுக்க ஆறும்வரை மூடியைத் தொடக்கூடாது.

எரிந்த புகை கொப்பரையைத் தொடாமலிருக்க, அதன் சூட்டை மட்டும் காற்றுக்குக் கடத்தும் வெப்பப் பரிமாற்றி கட்டாயம். அறைக்குள் 60 முதல் 65 டிகிரி போதும். மீறினால் மேற்பரப்பு இறுகி உள்ஈரம் சிக்கிக்கொள்ளும். புளோயரைப் பரிமாற்றிக்கு முன்னால் வைத்துக் காற்றைத் தள்ளுங்கள். குழாயில் ஓட்டை விழுந்தாலும் தூய காற்றுதான் புகைப்பக்கம் கசியும், புகை பருப்புக்கு வராது.