குழுவில் போடும் முன்: சேலம் மாவட்டச் செய்திப் புகைப்படக்காரர்களுக்கு

மழைக்காலத்தில் ஏற்காடு மலைப்பாதையில் ஒரு பாறை உருண்டால், கொஞ்ச நேரத்தில் அந்தப் படம் சேலத்து வாட்ஸ்அப் குழுக்கள் அத்தனையிலும் வந்துவிடும். எடுத்தவர் பெயர் மட்டும் எதிலும் இருக்காது. மறுநாள் "நன்றி: வாட்ஸ்அப்" என்று அச்சாகும். அதைவிடக் கெடுதல், அடுத்த வருஷ மழையில் அதே படம் "சற்றுமுன்" என்று திரும்பி வருவது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது. அப்படிப்பட்ட படங்கள் தேதியில்லாமல் சுற்றும்போது ரூம் போட்டவர்கள் ரத்து செய்கிறார்கள், மலைக்கிராமத்து மக்கள் பஸ் ஓடுமா ஓடாதா என்று தெரியாமல் தவிக்கிறார்கள்.

படக்காரரின் வருமானமும் படத்தின் நம்பகமும் ஒரே இடத்தில்தான் கைவிட்டுப் போகின்றன. அது படத்தை அனுப்பும் நேரம்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அளவு குறுகிவிடும். ஃபைலுக்குள் இருக்கும் பெயர், தேதி, படக்குறிப்பு எல்லாம் அழிந்துவிடும். அதே படத்தை 'டாக்குமெண்ட்' என்று இணைத்து அனுப்பினால் எதுவும் அழியாது. மலையில் சிக்னல் மோசம் என்பது உண்மைதான். அதற்கு முழு ஃபைல் தேவையில்லை. நீளப் பக்கம் 2,000 முதல் 2,500 பிக்சல், தரம் 80 என்று ஒரு ஜேபெக் நகல் எடுத்தால் பெரும்பாலும் 2 எம்பிக்குள் அடங்கிவிடும். நாளிதழில் நான்கு பத்தி அகலத்துக்கு அது தாராளம்.

பெயரை ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. கேனான், நிக்கான், சோனி கேமராக்களின் மெனுவிலேயே எடுப்பவர் பெயரையும் காப்பிரைட் வரியையும் ஒருமுறை பதிந்து வைக்கலாம். அங்கேயே கடிகாரத்தையும் பாருங்கள். பேட்டரியை நெடுநாள் கழற்றி வைத்திருந்தால் தேதி பழையதற்குப் போய்விடும். பிறகு உங்கள் உண்மையான படமே பொய்ப் படம் போலத் தெரியும். படக்குறிப்பில் யார், என்ன, எந்த இடம், எந்த நாள் என்பது இருக்க வேண்டும். "ஏற்காட்டில் மண்சரிவு" போதாது. எத்தனையாவது கொண்டை ஊசி வளைவு, எத்தனை மணிக்கு எடுத்தது என்று எழுதுங்கள். மொத்தம் 20 வளைவுகள் உள்ள பாதையில் அந்த ஒரு எண்தான் வாசகருக்குப் பயன்படும்.

விபத்துப் படங்களில் இன்னும் நிதானம் வேண்டும். முகத்தை மறைத்துவிட்டு நம்பர் பிளேட்டை அப்படியே விடுகிறார்கள். வீட்டாருக்குப் போலீஸ் சொல்வதற்கு முன்பே, சொந்தக்காரர் ஒருவர் குழுவில் அந்த எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிடக் கொடுமை வேறில்லை. வண்டி எண்ணை மூடுங்கள், இறந்தவரின் உடைமைகளை நெருக்கமாக எடுத்ததை அனுப்பாதீர்கள்.

குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளான வழக்கில் முகத்தை மங்கலாக்கினால் போதும் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. போதாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு குழந்தையின் பெயர், முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. தண்டனை குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் ஓராண்டுச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சீருடை, வீட்டு வாசல், அழும் தாயின் முகம், எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டுச் சுவர், இவையெல்லாம் அந்தக் குழந்தையைக் காட்டிக் கொடுக்கும். சின்ன ஊரில் சொல்லவே வேண்டாம். மறைக்க வேண்டிய இடத்தில் மங்கல் போடாமல் முழுக் கறுப்பால் அடையுங்கள். இந்த வகைப் படத்துக்கு மட்டும் ஃபைலில் உள்ள ஜிபிஎஸ் இடக்குறிப்பையும் நீக்குங்கள். சில மென்பொருள்கள் மறைப்பதற்கு முந்தைய படத்தின் சிறு நகலை (தம்ப்நெயில்) ஃபைலுக்குள்ளேயே விட்டுவைப்பதும் உண்டு. திருத்திய படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை அனுப்புவது பத்திரமான வழி. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெரியவர்களின் அடையாளத்தையும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவு இதேபோல் காக்கிறது.

திருத்தத்தில் வெளிச்சம், நிறம், வெட்டு, இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூலமேடு ஜல்லிக்கட்டில் தூரத்துக் கூட்டத்தை ஏஐ கொண்டு கூர்மையாக்கினால், மங்கலாக இருந்த முகத்துக்குப் பதிலாக இல்லாத ஒரு முகத்தை அது வரைந்துவிடும். ரீல்ஸுக்காகப் படத்தின் மேலும் கீழும் ஏஐயை வைத்து நீட்டுவதும் அப்படித்தான். அங்கே இல்லாத ஆளும் மரமும் வந்துவிடும். போராட்டத்தில் "இன்னொரு தடவை கையைத் தூக்குங்கம்மா" என்று கேட்டு எடுத்த படத்தைச் செய்திப் படமாகக் கொடுப்பது தவறு. நலத்திட்ட உதவி வழங்கும் படம் நிறுத்தி எடுத்தது என்று பார்ப்பவர் எல்லோருக்கும் தெரியும். அதில் யாரும் ஏமாறுவதில்லை.

இனி உரிமை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவை, கல்யாண ஆர்டரும் செய்திப் படமும் சேர்த்துச் செய்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்களாகப் போய் எடுத்த படம் உங்களுடையது. ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அது அவருடையது. ஆகவே நீங்கள் கல்யாணம் எடுத்துக் கொடுத்த மாப்பிள்ளை பிறகு விபத்தில் இறந்தால், அந்த ஆல்பப் படத்தைச் சேனலுக்குக் கொடுக்க ஸ்டூடியோவுக்கு உரிமை கிடையாது. பத்திரிகையில் சம்பள வேலையில் இருப்பவர் எடுத்ததை வெளியிடும் உரிமை நிறுவனத்துக்கு. மற்ற பயன்பாடுகளில், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், உரிமை எடுத்தவருக்கே. உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் கையெழுத்திட்ட எழுத்துப்பூர்வ ஆவணம் வேண்டும் என்கிறது 19-வது பிரிவு. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்று கொள்ளப்படும். குழுவில் போட்டதால் உரிமை போய்விடாது. ஆனால் பெயரழிந்த படத்தை உங்களுடையது என்று நிரூபிக்கும் பாடு உங்களுடையதாகிவிடும்.

எனவே பொதுக் குழுவில் போடாமல், ஒவ்வொரு நிறுவனத்தின் செய்தி டெஸ்க்குக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். கூடவே ஒரு வரி: "நாளைய அச்சுப் பதிப்புக்கும் உங்கள் இணையதளத்துக்கும் ஒருமுறை மட்டும். டிவி, யூடியூப் முகப்புப் படம், பிற நிறுவனங்களுக்குத் தர அனுமதியில்லை. தொகை இவ்வளவு." தொகை கேட்கக் கூச்சப்படுபவர்கள் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். நடுத்தர வகை கேமராக்களின் ஷட்டருக்கு நிறுவனங்கள் சொல்லும் ஆயுள் பெரும்பாலும் 1.5 முதல் 2 லட்சம் கிளிக். ஜல்லிக்கட்டில் ஒரே நாளில் 3,000 கிளிக் போனால் அந்த ஆயுளில் 1.5 முதல் 2 சதவீதம் அன்றைக்கே தேய்ந்தது. பெட்ரோலும் நேரமும் தனி.

மெமரி கார்டை உடனே அழிக்காதீர்கள். அனுப்பிய படத்தோடு அதற்கு முன்னும் பின்னும் எடுத்த பிரேம்களையும் சேர்த்து இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். படம் பழையது, போலி என்று யாராவது சொன்னால், வரிசை எண்ணோடு இருக்கும் அந்தப் பக்கத்துப் பிரேம்களே வலுவான சான்று. நாளை அது நீதிமன்றத்துக்குப் போனால் சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் கேட்பார்கள். அதில் ஃபைலின் ஹேஷ் எண்ணை, அதாவது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணைக் குறிக்க வேண்டும். ஒருமுறை திறந்து மறுபடி சேமித்தாலே அந்த எண் மாறிவிடும் என்பதால், மூலப் படம் இருக்கும் ஃபோல்டரில் எந்தத் திருத்தமும் செய்யாதீர்கள்.