கிளாமர்: கவர்ச்சி என்று சொன்னால் போதுமா?

தமிழில் 'கிளாமர்' என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான். 'இந்தப் படத்தில் கிளாமராக நடித்திருக்கிறார்' என்று சினிமாப் பக்கத்தில் வந்தால், துணி குறைந்திருக்கிறது என்று படிப்பவருக்கு விளங்கிவிடும். 'இனி கிளாமர் இல்லை' என்று பேட்டி வந்தால், நடிகைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று ஊகித்துக்கொள்வார்கள். அதையே தமிழாக்கிக் 'கவர்ச்சி' என்று எழுதுகிறோம். இரண்டுக்கும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு வயது வரம்பு உண்டு. அறுபத்தைந்து வயதுப் பெண்மணியைப் பார்த்து 'கிளாமராக இருக்கிறார்' என்று வேலூரில் சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார், இல்லை முகத்தைச் சுளிப்பார்.

சொல் பிறந்த ஊரில் அதற்கு இந்த வரம்பு கிடையாது. அங்கே அது அழகைக் குறித்த சொல்லாகவே பிறக்கவில்லை.

கிளாமர் ஸ்காட்லாந்துச் சொல். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்துக்காரர்கள் பேச்சிலும் பாட்டிலும் வழங்கியது. பொருள்: மந்திரம், கண்கட்டு. சூனியக்காரி ஒருவர் கண்மேல் 'கிளாமரைப் போட்டால்' குடிசை மாளிகையாகத் தெரியும், கிழவி குமரியாகத் தெரிவாள். 1805-இல் ஸ்காட்லாந்துக் கவிஞர் வால்டர் ஸ்காட் தன் நெடும்பாட்டில் எடுத்தாண்ட பிறகுதான் இங்கிலாந்து முழுக்கப் பரவியது.

இந்தச் சொல்லுக்குத் தாய் யார் தெரியுமா? 'கிராமர்', அதாவது இலக்கணம். ரகரம் லகரமாகத் திரிந்து கிராமர் கிளாமர் ஆயிற்று. எழுத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து லத்தீன் வழியாக வந்தது கிராமர். படிப்பறியாத மக்கள் நடுவில், ஏடும் கையுமாக உட்கார்ந்து லத்தீனில் முணுமுணுப்பவன் எதையும் செய்யக்கூடியவன் என்று ஒரு பயம் இருந்தது. இலக்கணம் தெரிந்தவனுக்கு மந்திரமும் தெரியும் என்று நம்பினார்கள். மந்திரப் புத்தகத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லும் இதே குடும்பம்தான்.

நம் ஊரிலும் ஏறக்குறைய இதே கதை நடந்திருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. 'இலக்கணம்' என்றால் நன்னூல். 'லட்சணம்' என்றால் மூக்கும் முழியும். இரண்டையும் 'லக்ஷணம்' என்ற ஒரே வடசொல்லிலிருந்து கொண்டுவருவார்கள். இலக்கணம் 'இலக்கு' என்ற தமிழ் வேரில் பிறந்தது என்று வாதிடுவோரும் உண்டு. எப்படியிருந்தாலும் பேச்சில் இரண்டும் அண்ணன் தம்பிதான். பெண்ணும் லட்சணமாக இருக்கலாம், வாக்கியமும் இலக்கண சுத்தமாக இருக்கலாம். 'அணி' என்றால் நகை, அதுவே செய்யுளில் உவமையும் உருவகமும். தொல்காப்பியம் செய்யுளுக்கு எட்டு வனப்புகளைச் சொல்கிறது. அந்த எட்டில் 'அழகு' ஒன்று, 'தொன்மை' ஒன்று. பழமையை வனப்பின் பட்டியலில் சேர்த்தவர்கள் நாம். (செய்யுளுக்குச் சொன்னதை மனுஷருக்கு நீட்டலாமா என்று புலவர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.)

ஆனால் ஸ்காட்லாந்தில் இலக்கணம் மாயமாக மாறியது, இங்கே அது விதியாகவே நின்றுவிட்டது. 'வயசுக்கேத்த லட்சணமா இரு' என்று வீட்டில் சொல்வது அந்த விதியைத்தான். வெளிர் நிறப் புடவை, ஒற்றைச் சங்கிலி, கொண்டை. கணவர் இறந்துவிட்டால் பொட்டும் பூவும்கூடப் போச்சு. சட்டப் புத்தகத்தில் எங்கும் எழுதாத இந்த இலக்கணத்தை மனப்பாடமாக ஒப்பிக்கத் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

கிளாமரை இன்றைய பொருளுக்குக் கொண்டுவந்தது ஹாலிவுட். 1930-களில் ஸ்டுடியோக்காரர்கள் நடிகையரைப் படம்பிடிக்கையில் லென்ஸுக்கு முன்னால் மெல்லிய வலைத்துணியைக் கட்டினார்கள், அல்லது அதன்மேல் வாஸ்லினைத் தடவினார்கள். தோலின் சுருக்கம் மறைந்து முகம் பால்போலத் தெரியும். பழைய கண்கட்டு கேமராவுக்குள் புகுந்துகொண்டது, அவ்வளவுதான். அதில் கைதேர்ந்தவர் நடிகை மார்லின் டீட்ரிச். எந்த விளக்கு எங்கே இருந்தால் தன் கன்னத்தில் நிழல் எப்படி விழும் என்று அறிந்தவர். 1901-இல் பிறந்த அவர் எழுபது தாண்டியும் உடலை இறுக்கும் உள்ளுடை போட்டுக்கொண்டு மேடையில் மின்னினார். 1975-இல் சிட்னி மேடையில் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. சில ஆண்டுகளில் பாரிஸ் வீட்டுக்குள் அடைந்துகொண்டவர், யாரையும் படமெடுக்க விடவில்லை. தன்னைப் பற்றிய ஆவணப்படத்துக்குக்கூடக் குரலை மட்டும் கொடுத்தார். 1992-இல் இறந்தார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மந்திரம் போடத் தெரிந்தவருக்கு அதை எப்போது நிறுத்துவது என்று முடிவுசெய்யும் உரிமையும் உண்டு.

சரி, கவர்ச்சிக்கு வருவோம். 'கவர்' என்றால் பற்று, பறி, வலிந்து கொள். புறப்பொருளில் வெட்சித் திணை என்பதே ஆநிரை கவர்வதுதான். பழைய வட ஆர்க்காட்டுக்கு இது ஏட்டுச் செய்தி மட்டுமில்லை. செங்கம் பக்கம் போனால், மாட்டு மந்தையைக் கவர்ந்த சண்டையிலும் மீட்ட சண்டையிலும் செத்தவர்களுக்கு எடுத்த நடுகற்கள் வரிசையாகக் கிடைத்திருக்கின்றன. மந்தைக்கு அந்தக் கல்வெட்டுகளில் வரும் சொல் 'தொறு'. ஆகவே கவர்ச்சியில் ஒரு பறிப்பு இருக்கிறது. பார்ப்பவன் மனத்தை ஒருத்தி பறிக்கிறாள், அவன் பறிகொடுக்கிறான். கணக்கு முழுக்கப் பார்ப்பவன் பக்கத்தில். அவன் பறிகொடுக்கவில்லை என்றால் கவர்ச்சி இல்லை. வயதான பெண்ணுக்கு இந்தச் சொல் பொருந்தாமல் போவது இதனால்தான். வள்ளுவர் 'கனியிருப்பக் காய்கவர்ந் தற்று' என்றது இனிய சொல்லை விட்டுவிட்டுக் கடுஞ்சொல் பேசுபவரை. நம் சினிமா நிருபர்களையும் சேர்த்துத்தான் சொன்னாரோ என்று எனக்குச் சந்தேகம்.

பெண்ணின் வயதுக்குத் தமிழ் வைத்த பெயர்களையும் பாருங்கள். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழு பருவம். உலா இலக்கியத்தில் தலைவன் வீதியில் வரும்போது இந்த ஏழு பேரும்தான் மயங்கி நிற்பார்கள். பரவலாகச் சொல்லும் கணக்கில் தெரிவைக்கு 31 வயதோடு முடிகிறது, பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40. கடைசிப் பெயரிலும் 'இளம்' ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். நாற்பத்தொன்றாவது வயதில் என்ன ஆவாள்? உலாவில் பதில் இல்லை. முதியோள், பெருமுது பெண்டிர் என்றெல்லாம் சங்கப் பாட்டில் சொல் உண்டு. அவர்கள் சகுனமாக நற்சொல் கேட்டு நிற்பார்கள், வீரமகனைப் பெற்ற வயிற்றைக் காட்டிப் பேசுவார்கள். அவர்கள் என்ன உடுத்தினார்கள், எதை விரும்பி உடுத்தினார்கள் என்று புலவர்கள் அவ்வளவாகக் கேட்கவில்லை.

எழுத்து விட்டதைப் பேச்சு பிடித்துவைத்திருக்கிறது. எங்கள் பக்கம், அதாவது வேலூர், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில், நன்றாக உடுத்திக்கொண்டு வருபவரைப் பார்த்து 'சோக்கா கீறாங்க' என்பார்கள். சென்னையிலும் இது உண்டு. 'ஷௌக்' என்ற உருதுச் சொல், அரபு வழி வந்தது. மூலப் பொருள் ஆசை, நாட்டம். உருது பேசும் வீடுகள் நிறைந்த வட்டாரம் என்பதால் நாக்கில் இயல்பாகவே ஏறிவிட்டது. சோக்கு யாருடைய ஆசை? உடுத்துபவருடைய ஆசை. ஆணுக்கும் சொல்லலாம், கிழவிக்கும் சொல்லலாம். 'இந்த வயசுல இன்னா சோக்கு வேண்டிக்கீது?' என்று ஏசுவதற்கும் அதே சொல்தான் உதவுகிறது. ஏசுபவர்களும் அந்த ஆசை அவளுடையதுதான் என்பதை ஒப்புக்கொண்டே ஏசுகிறார்கள்!

ஆனால் சோக்கும் கடன் வாங்கியது. தனித்தமிழ் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. ஆரணியில் ஒரு பட்டுக்கடையில் கேட்ட பேச்சு இது:

"யம்மா, இந்த ராமர் பச்சைய ஒருவாட்டி தோள்ல போட்டுப் பாருங்க. உங்க நிறத்துக்கு எடுப்பா இருக்கும்."

"எனக்கு இன்னாத்துக்குப்பா இந்தக் கலரு, வயசான காலத்துல? அந்தச் சந்தனக் கலர எடு."

"அத்தை, சந்தனம் வீட்ல நாலு கீது. சும்மா போட்டுப் பாருங்க."

அந்த அம்மாள் போட்டுப் பார்த்தார். கண்ணாடியில் முகத்தைப் பார்க்கவில்லை, முந்தானை விழும் இடத்தைப் பார்த்தார். ஒரு மடிப்பை இழுத்துவிட்டார். "முந்தியில ஜரிகை தாஸ்தியா கீதே?" என்றார். கடைக்காரர் பில் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். குறை சொல்ல ஆரம்பித்தால் வாங்கப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரியாதா. காஞ்சிபுரம் பட்டைவிட ஆரணிப் பட்டு எடை குறைவு என்பதும் ஒரு காரணம். தோள்வலி உள்ளவர்களுக்கு அது பெரிய விஷயம்.

'எடுப்பு' என்ற அந்தச் சொல்லைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். எடு என்றால் தூக்கு, உயர்த்து. எடுப்பான மூக்கு, எடுப்பான நிறம், எடுப்பான குரல். சுற்றியுள்ளவற்றிலிருந்து தூக்கிக் காட்டுவது எடுப்பு. அதில் பறிப்பு இல்லை, வயது இல்லை, உடம்பின் அளவும் இல்லை. எம்.எஸ். சுப்புலட்சுமியை நினைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் வைர மூக்குத்தி, நெற்றி நிறையக் குங்குமம், தலை கொள்ளாத பூ, அவர் பெயராலேயே வழங்கும் அந்த நீலப் பட்டு. எண்பதை நெருங்கும்போதும் மேடையில் அவர் எடுப்பாகத்தான் இருந்தார். அதைக் கவர்ச்சி என்று எழுத எந்த நிருபருக்கும் கை வராது. ஆங்கிலத்தில் கிளாமர் என்றால் தப்பே இல்லை.

அடுத்தது 'ஒப்பனை'. மேக்கப்புக்கு நல்ல தமிழ்தான், கிளாமருக்குப் போதாது. இதை எங்கள் ஊர்க் கூத்தில் பார்க்கலாம். துரோபதையம்மன் கோயில் பாரதக் கூத்தில் பெண் வேஷத்தை வழக்கமாக ஆண்களே கட்டுவார்கள். அரிதாரத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசி, புருவம் தீட்டி, சவுரி முடி வைத்து எழுந்தால், ஐம்பது தாண்டியவரும் விடியும்வரை பாஞ்சாலிதான். பூச்சு மட்டும் ஒப்பனை. துகில் உரியும் காட்சியில் முன்வரிசைக் கிழவிகள் கையெடுத்துக் கும்பிடுகிறார்களே, அங்கேதான் ஸ்காட்லாந்துக்காரன் சொன்ன கிளாமர் இருக்கிறது. அந்தப் பொருளுக்கு 'மாயம்', 'மயக்கு' சரி.

நரையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று வயதான பெண்களின் தோற்றப் பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. செங்கல்பட்டில் பிறந்த இந்தி நடிகை வஹீதா ரெஹ்மான் தலையை வெள்ளையாகவே விட்டுவிட்டார். 2023-இல் தாதாசாகேப் பால்கே விருது அறிவித்தபோது எல்லாப் பத்திரிகையிலும் அந்த வெள்ளைத் தலைதான் வந்தது. அமெரிக்காவின் வீட்டு அலங்கார வடிவமைப்பாளர் ஐரிஸ் ஆப்ஃபெல் வேறு வழி போனார். வட்ட வட்டமான பெரிய கண்ணாடி, கழுத்து நிறையப் பெரிய பெரிய மணி மாலைகள், கை நிறைய வளையல்கள். 97 வயதில் மாடல் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் போட்டார். 102 வயது வரை வாழ்ந்தார். டை அடிப்பவர்களும் குற்றவாளிகள் இல்லை. ஒன்றே ஒன்று: 'கறுப்பு மருதாணி' என்று பாக்கெட்டில் விற்பதில் பெரும்பாலும் பாராஃபினைலின்டையமின் என்ற ரசாயனம் இருக்கிறது. சிலருக்கு அது நெற்றியோரம் கொப்பளித்து, முகம் வீங்கும் அளவுக்குப் போகும். காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டு அடிப்பது நல்லது. ஸ்டிக்கர் பொட்டின் பசையும் இப்படித்தான். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் ஒட்டியதால் நெற்றியில் வெள்ளை வட்டம் விழுந்த அம்மாக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த வட்டத்தை மறைக்கவே இன்னும் பெரிய பொட்டு வைத்துக்கொள்வார்கள்.

இனி கிளாமரைத் தமிழில் எப்படி எழுதுவது? சினிமாவின் உடல்காட்டும் பொருளுக்குக் கவர்ச்சி இருக்கட்டும், அது நிலைத்துவிட்டது. பணமும் விளம்பரமும் சேர்ந்த மினுமினுப்புக்குப் பகட்டு. மந்திரப் பொருளுக்கு மாயம். ஒருவர் தானே விரும்பி, தன் வயதை மறைத்தோ காட்டியோ, தோற்றத்தைத் தூக்கி நிறுத்துவதற்கு எடுப்பு. நடையும் நிமிர்வும் சேர்ந்தால் மிடுக்கு. 'பொலிவு' என்ற சொல்லைச் சிலர் பரிந்துரைப்பார்கள். நல்ல சொல்தான், ஆனால் சோப்பு விளம்பரக்காரர்கள் அதைத் தேய்த்துத் தேய்த்து நுரையாக்கிவிட்டார்கள்.

கிளாமர் என்றே எழுதுவதிலும் தடையில்லை. 'க்ளாமர்' என்று மட்டும் வேண்டாம். மெய்யெழுத்து தமிழில் சொல்லுக்கு முதலாக வராது.