சௌடரைக் கெட்டியாக்குவது பாலும் இல்லை, கிரீமும் இல்லை

காரைக்குடியில் குளிர் என்றால் மார்கழி விடியலில் வாசல் தெளிக்கும்போது கை கொஞ்சம் சில்லிடும், அவ்வளவுதான். ஆனாலும் அந்த ஒரு மாதத்துக்கு ராத்திரியில் சூடாக, கெட்டியாக ஏதாவது குடிக்க வேண்டும் போல இருக்கும். போன மார்கழியில் சிங்கப்பூரிலிருந்து வந்த தம்பி ஒரு ஸ்லோ குக்கரை, அதாவது மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரத்தைக் கொண்டுவந்து, "இதுல காய்கறி சௌடர் வச்சுப் பாருக்கா" என்றான். சௌடர் அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரைப் பக்கத்துச் சமையல். அங்கே மீனும் சிப்பியும் போட்டு வைப்பார்கள், காய்கறி மட்டும் போட்டும் வைப்பார்கள். வெள்ளைக் குருமாவுக்கும் சூப்புக்கும் நடுவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், சோளமுத்து, இரண்டு தக்காளி, அரை லிட்டர் பால் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடி, ‘லோ’வில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன். ஆறு மணி நேரம் கழித்துத் திறந்தால் பால் திரிந்து துணுக்குத் துணுக்காக மிதக்கிறது, சாறு தண்ணீராக நிற்கிறது, கேரட் நறுக்கென்று கடிபடுகிறது. ஆறு மணி நேரம் சூட்டில் கிடந்த கேரட் எப்படி வேகாமல் இருக்கும்?

இருக்கும். காயின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்கிற பசை. சூடு சுமார் 85 டிகிரியைத் தாண்டும்போதுதான் அது நன்றாகக் கரைய ஆரம்பிக்கும், காய் குழையும். ஆனால் அதற்கு முன்னால், 50-க்கும் 70-க்கும் இடைப்பட்ட சூட்டில், காய்க்குள்ளேயே இருக்கும் ஒரு நொதி விழித்துக்கொண்டு பெக்டினைச் சற்று மாற்றிவிடும். மாறிய பெக்டினைக் காயில் இருக்கும் கால்சியம் இறுக்கிப் பிணைத்துவிடும். அப்படிப் பிணைந்த கேரட்டை அப்புறம் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் லேசில் குழையாது. கேஸ் அடுப்பில் இந்தச் சூட்டை ஐந்து நிமிஷத்தில் கடந்துவிடுகிறோம். ஸ்லோ குக்கரோ மொத்தமே 200 வாட் பக்கம்தான் இழுக்கும், பச்சைத் தண்ணீரில் ஆரம்பித்தால் அந்த இடத்தைத் தாண்டவே அதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். காயை இறுக்குவதற்கு இதைவிட நல்ல வழி வேண்டியதில்லை.

போதாததற்குத் தக்காளி வேறு. புளிப்பு இருந்தால் பெக்டின் கரைவது இன்னும் மெதுவாகிவிடும். இதை எந்தப் புத்தகமும் படிக்காமல் அப்பத்தா அடுப்படியில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்: "புளியை இப்ப ஊத்தாத ஆத்தா, காய் வெந்து வரட்டும்."

பால் திரிந்ததும் அதே தக்காளியால்தான். பாலில் கேசின் என்ற புரதம் நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வொரு உருண்டையும் மற்றதைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் ஒட்டாமல் இருக்கிறது. புளிப்பு ஏற ஏற அந்தத் தள்ளுதல் குறையும். புளிப்பை அளக்கும் எண் பி.எச்., புளிப்பு ஏற ஏற அது இறங்கும். அறைச் சூட்டில் அது 4.6-க்கு இறங்க வேண்டும், நல்ல சூட்டிலோ 5.5 பக்கம் வரும்போதே ஒட்டிக்கொள்ளும். பன்னீர் செய்யும்போது நாம் வேண்டுமென்றே செய்வது இதைத்தான். கிரீம் அவ்வளவு எளிதில் திரியாது, ஏனென்றால் அதில் கொழுப்பு அதிகம், புரதம் குறைவு. தேங்காய்ப்பாலின் கதை வேறு. அது எண்ணெய்த் துளிகள் தண்ணீரில் மிதக்கும் பால்மம், துளிகளைப் பிரித்து வைத்திருக்கும் புரதம் 80 டிகிரியைத் தாண்டினால் கெட்டிப்பட்டுக் கைவிட்டுவிடும், எண்ணெய் மேலே வந்துவிடும். கெட்டிப்பாலை எப்போதும் கடைசியில் ஊற்றி, நுரை கட்டியதும் இறக்குகிறோமே, அது இதற்காகத்தான்.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். சாறு ஏன் தண்ணீராக இருந்தது? பாலோ கிரீமோ சௌடருக்கு வெண்மையையும் வழவழப்பையும் தரும், கெட்டித்தன்மையை அதிகம் தராது. அது மாவுச்சத்தின் வேலை. 1751-இல் பாஸ்டன் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் வந்த பழைய சௌடர் செய்முறையில் பாலும் கிடையாது, உருளைக்கிழங்கும் கிடையாது. ஊறவைத்த பிஸ்கட்டை அடுக்கித்தான் கெட்டியாக்கினார்கள்.

நம் பக்கம் இதற்கு, அரிசி களைந்த தண்ணீர் விட்டு வைக்கும் மண்டி என்கிற குழம்பு இருக்கிறது. வெண்டைக்காய் மண்டி வைக்கிற அன்றைக்கு, அரிசி களைந்த முதல் தண்ணீரை அப்பத்தா மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிடுவார்கள், இரண்டாவது தண்ணீரை ஒரு பழைய எனாமல் கிண்ணத்தில் பிடித்து வைப்பார்கள். அரை மணி நேரத்தில் மேலே தெளிந்து, நீல விளிம்பு போட்ட அந்தக் கிண்ணத்தின் அடியில் வெள்ளையாக ஒரு படலம் தங்கியிருக்கும். விரலால் தொட்டால் சந்தனக் குழம்பு மாதிரி வழுக்கும். மண்டி என்றாலே அடியில் தங்குவது என்றுதானே அர்த்தம்! ஊற்றும்போது அடியோடு ஒரு கலக்குக் கலக்கிவிட்டுத்தான் ஊற்றுவார்கள். சட்டியில் விழுந்தவுடன் ஒன்றும் தெரியாது, கொதி வந்து சில நிமிஷத்தில் குழம்பு கரண்டியில் ஒட்ட ஆரம்பிக்கும்.

அந்த வெள்ளைப் படலம் முழுக்க அரிசியின் மாவுச்சத்து மணிகள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. பச்சைத் தண்ணீரில் அவை சும்மா கிடக்கும். சூடு 70 டிகிரி சுற்றி வரும்போது மணிக்குள் தண்ணீர் புகுந்து, பல மடங்கு ஊதி, ஒன்றை ஒன்று நெருக்கித் தள்ளும். கூடவே அமைலோஸ் என்கிற நீளச் சங்கிலி மூலக்கூறுகள் வெளியே கசிந்து தண்ணீரில் வலை போல விரியும். தண்ணீர் ஓடுவதற்கு இடமில்லாமல் போகிறது, அதைத்தான் நாக்கு குழைவு என்று சொல்கிறது. உருளைக்கிழங்கின் மணிகள் இன்னும் பெரியவை, 60 டிகிரி சுற்றியே ஊதிவிடும். ஆனால் அவை கிழங்கின் செல்லுக்குள் பூட்டிக் கிடக்கின்றன! முழுத் துண்டாகக் கிடக்கும் கிழங்கு சாறைக் கெட்டியாக்காது, மசித்தால்தான் மாவுச்சத்து வெளியே வரும். ஸ்லோ குக்கரில் மூடி போட்டிருப்பதால் தண்ணீர் வற்றவும் வற்றாது, ஆகவே கெட்டியாக்க வேறு வழியே இல்லை.

அதனால் அடுத்த வாரம் இப்படிச் செய்தேன். சின்ன வெங்காயமும் பூண்டும் சோம்பும் வெண்ணெயில் தனியாக வதக்கிக்கொண்டேன், ஏனென்றால் குக்கருக்குள் சூடு 100-ஐத் தாண்டாது, வெங்காயம் சிவக்க அது போதாது. அரை கிலோ உருளைக்கிழங்கு, இரண்டு கேரட், ஒரு கைப்பிடி பீன்ஸ், ஒரு கப் சோளமுத்து எல்லாம் சுண்டுவிரல் நக அளவுக்கு நறுக்கி, கேரட்டை அடியில் போட்டு, கொதிக்கும் தண்ணீர் முக்கால் லிட்டர் ஊற்றி ‘ஹை’யில் நான்கு மணி நேரம். தக்காளி போடவே இல்லை. இடையில் திறக்கவும் இல்லை, திறந்தால் நீராவி போய்விடும், மறுபடி சூடேற இந்தக் குக்கருக்கு நேரமாகும். வெந்ததும் மூன்றில் ஒரு பங்கை மத்தால் நன்றாக மசித்துக் கலந்து, இரண்டு ஸ்பூன் அரிசி மாவைக் கரைத்து ஊற்றி, அது வெந்து சாறு கெட்டிப்பட்ட பிறகு சூடான பாலும் கொஞ்சம் கிரீமும். சாறு கெட்டியாக இருந்தால் கேசின் உருண்டைகள் ஒன்றை ஒன்று தேடிப்போய் ஒட்டுவதும் கஷ்டம். மிளகைக் கடைசியில் தட்டிப் போட்டேன்.

இதில் ராஜ்மா சேர்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ராஜ்மாவில் ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால் அழிந்துவிடும், 80 டிகிரி போன்ற அரைச் சூட்டில் அதன் வீரியம் கூடிவிடும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடுப்பில் தளதளவென்று கொதிக்க வைத்த பிறகே குக்கரில் போடுங்கள்.

மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் பார்த்தால் கேசரி மாதிரி இறுகிக் கிடந்தது. ஆறும்போது அந்த அமைலோஸ் சங்கிலிகள் ஒன்றோடொன்று அணிசேர்ந்து இறுகும், ஆறிய சோறு விறைப்பதும் இதனால்தான். கால் கப் வெந்நீர் விட்டு மெல்லச் சூடாக்கினேன், இளகி முன்போலவே வந்தது. தம்பி அதை இடியாப்பத்தின் மேல் ஊற்றிக்கொண்டு இரண்டாம் முறையும் தட்டை நீட்டினான்.