திறந்திருக்கும் கோப்புக்குப் பெயர் மாற்றாதீர்கள்

மாரி மழையில் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வெள்ளம் ஏறினால், மட்டக்களப்பு நகரில் இருக்கும் என் கணினி திருத்தும் கடையிலும் வேலை ஏறும். நனைந்த லப்டொப்கள் ஒருபக்கம், நிவாரணப் பட்டியல்கள் மறுபக்கம். அப்படியொரு காலையில், கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்றின் செயலாளரான தங்கச்சி பென்டிரைவோடு வந்து நின்றார்.

“அண்ணா, இதில் வைரஸ் வந்துவிட்டது. நேற்று இரவு ஏற்றிய 43 குடும்பங்களின் பெயரைக் காணவில்லை.”

“சேமித்தீர்களா?”

“மூன்று தரம் சேமித்தேன்.”

வைரஸ் எதுவும் இல்லை. அவர் சேமித்ததும் உண்மைதான். கேட்டுக் கேட்டு நடந்ததை வரிசைப்படுத்தினேன். விண்டோஸோடு வரும் எளிய எழுதும் செயலியான நோட்பேடில் வரிக்கொரு குடும்பமாக ரைப் செய்துகொண்டிருந்தவர், இடையில் கோப்புறைக்குப் போய் ‘லிஸ்ட்’ என்றிருந்த பெயரை ‘நிவாரணம் இறுதி’ என்று மாற்றியிருக்கிறார். நோட்பேடை மூடவில்லை. விண்டோஸும் மறுப்புச் சொல்லவில்லை. திரும்பி வந்து மிச்சப் பெயர்களை ஏற்றிச் சேமித்துவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் அனுப்பியது ‘நிவாரணம் இறுதி’. இரவு ஏற்றிய பெயர்கள் அதற்குள் எப்படி இருக்கும்?

விண்டோஸ் 10இல் உள்ள நோட்பேட், கோப்பைத் திறந்ததும் அதிலுள்ளதை நினைவகத்துக்குப் பிரதியெடுத்துக்கொண்டு கோப்பை விட்டுவிடுகிறது. பிறகு அதன் கையில் மிஞ்சுவது முகவரி மட்டும்: எந்த டிரைவ், எந்தக் கோப்புறை, என்ன பெயர். வெளியே நீங்கள் பெயரை மாற்றியது அதற்குத் தெரியாது. சேமிக்கச் சொன்னால் பழைய முகவரிக்குப் போகும். அங்கே கோப்பு இல்லையென்றால், அதே பழைய பெயரில் புதிதாக ஒன்றை உண்டாக்கி எழுதிவிடும். சாளரத்தின் தலைப்பில் மட்டும் ‘லிஸ்ட்’ என்று பழைய பெயரே நின்றுகொண்டிருக்கும். அதை யார் பார்க்கிறார்கள்?

பென்டிரைவில் இருந்தவற்றைத் திருத்திய நேரப்படி அடுக்கினேன். முதலாவதாக வந்தது ‘லிஸ்ட்’. அவரும் அதைக் கண்டிருக்கிறார். ஏதோ பழைய பிரதி கிடக்கிறது என்று திறக்காமலே விட்டிருக்கிறார்.

வேர்டின் குணம் வேறு. கோப்பு திறந்திருக்கும்வரை அதைப் பூட்டி வைத்திருக்கும். பெயர் மாற்றப் போனால், கோப்பு வேர்டில் திறந்திருக்கிறது என்று விண்டோஸ் மறித்துவிடும். பலருக்கு இது எரிச்சல். எனக்கு இந்தப் பிடிவாதம் பிடிக்கும். அலைக்குறியும் டொலர் குறியும் (~$) முன்னால் வைத்து ஒரு மறைகோப்பு பக்கத்திலேயே தோன்றுவதைக் கண்டிருப்பீர்கள். இந்தக் கோப்பு இன்னாரிடம் இருக்கிறது என்று வேர்ட் வைக்கும் அடையாளம் அது. மின்சாரம் திடீரென்று போனால் அது அழியாமல் தங்கிவிடும். அதனால்தான் மறுநாள் உங்கள் கோப்பையே வேறொருவர் திருத்திக்கொண்டிருப்பதாக வேர்ட் சாதிக்கும். வேர்டை முழுதாக மூடிவிட்டு அந்த மறைகோப்பை அழித்தால் போதும்.

நோட்பேடைப் போன்ற இன்னொரு செயலியான நோட்பேட் பிளஸ் பிளஸ் ஓரளவு விழிப்பானது. கோப்பைக் காணவில்லை, திரையில் இருப்பதை வைத்திருக்கவா என்று கேட்கும். ஆம் என்று சொல்லிச் சேமித்தால் மறுபடியும் பழைய பெயர்தான். மேலே கோப்பின் பெயர் தெரியும் தாவலில் வலது சொடுக்குப் போட்டால் பெயர் மாற்றும் கட்டளை உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். நிரல் எழுதுவோர் பயன்படுத்தும் விஎஸ் கோடிலும் அதன் சொந்தக் கோப்புப் பட்டியலிலேயே மாற்றினால் திறந்த தாவல் கூடவே வரும். வெளியே மாற்றினால் தாவலில் பெயரின்மேல் ஒரு கோடு விழும். மக் கணினியில் உள்ள எழுதும் செயலியான டெக்ஸ்ட் எடிட், புதிய பெயரைத் தானே தொடர்ந்து பிடித்துக்கொள்ளும். லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் பெயர் என்பது கோப்புறையில் உள்ள ஒரு பதிவு மட்டுமே, கோப்பின் அடையாளம், கணினி அதற்கு உள்ளே வைத்திருக்கும் ஐனோட் என்ற எண். ஆகவே திறந்திருக்கும்போதும் பெயரை மாற்றவிடும். ஆனால் பெரும்பாலான எடிட்டர்கள், அதாவது எழுதித் திருத்தும் செயலிகள், சேமிப்பது பெயரைப் பார்த்துத்தான் என்பதால் நோட்பேடின் விபத்து அங்கேயும் நடக்கும்.

கடைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: சேமியுங்கள், மூடுங்கள், பெயரை மாற்றுங்கள், பிறகு திறவுங்கள். ‘சேவ் அஸ்’ கொடுப்பது பெயர்மாற்றம் ஆகாது. பழையது அங்கேயே கிடக்கும், உங்களிடம் இரண்டு கோப்புகள் இருக்கும். ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘மெய்யான இறுதி’ என்று பெயர் வைப்பவர்களோடு மல்லுக்கட்டுவதை நான் விட்டுவிட்டேன்.

தங்கச்சியின் இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து ஒப்பிட்டோம். ‘லிஸ்ட்’டில் எல்லாமே இருந்தன, 43 குடும்பங்களும் கடைசியில் வரிசையாக. அதையே சரியான பெயரில் பிரதியெடுத்துத் திரும்ப அனுப்பினார். “மற்ற இரண்டையும் அழித்துவிடட்டுமா அண்ணா?” என்று கேட்டார். பொருட்கள் கொடுத்து முடியும்வரை கிடக்கட்டும் என்றேன்.