ஜிக்சா: வெட்டுப்புதிரா, பொருத்துப்படமா?

செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் மூஹாவின் சுவரொட்டியை ஆயிரம் அட்டைத் துண்டாக்கி விற்கும் 'ஆர் நூவோ ஜிக்சா பசில்' பெட்டிக்கு 'நவீன கலை வெட்டுப்புதிர்' என்று தமிழில் பெயர் வைக்கிறார்கள். இதில் 'கலை' ஒன்றுதான் சரி.

ஜிக்சாவின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி நிலப்படங்களை மகோகனிப் பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைவழியே அறுத்து விற்றார்; பிள்ளைகளுக்கு நிலவியல் பாடம். 'ஜிக்சா' என்ற பெயர் நூறாண்டுக்கும் மேல் கழித்து வந்தது. மேலும் கீழும் துள்ளி அறுக்கும் ரம்பத்தின் பெயர் அது. இன்றைய அட்டைப்படத்துக்கு அந்த ரம்பமும் கிடையாது. எஃகுப் பட்டை வளைத்த அச்சு அழுத்தி வெட்டுகிறது.

வெட்டுவது ஆலையின் வேலை. வாங்குகிறவர் ஒரு துண்டையும் வெட்டுவதில்லை. கட்டில் வாங்கியவரிடம் 'அறுத்த மரமா வாங்கினீர்கள்?' என்று யாராவது கேட்பார்களா? 'புதிர்' இன்னும் மோசம். புதிர் என்றால் விடை ஒளிந்திருக்க வேண்டும். விடுகதையில், குறுக்கெழுத்தில் ஒளிந்திருக்கிறது. இங்கே விடையைப் பெட்டி மூடியிலேயே அச்சடித்துக் கொடுக்கிறார்கள்!

மிச்சமிருக்கும் வேலை என்ன? மூஹா படங்களில் உருவத்தின் வெளிக்கோடு தடிப்பு. கூந்தல் சுருளும் துணி மடிப்பும் மெல்லிய கோடு. நிறத்தைவிடக் கோட்டின் தடிப்பைப் பார்த்துத் துண்டுகளைப் பிரித்தால் வேகமாக நகரும். எழுத்தும் மொசைக் கட்டங்களும் உள்ளவை முதலில் சேர்ந்துவிடும். ஒரே நிறமாக விரியும் அங்கியில்தான் ஏமாற்றம்: ஒரு துண்டின் காதுபோல நீண்ட முனை அடுத்ததன் குழியில் உட்கார்ந்துவிடும், ஆனால் கோடு மயிரிழை தள்ளி நிற்கும். சேர்த்த பகுதியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினால் இடுக்கு தெரியும். அதைக் கவனிக்காமல் விட்டால், சரியான துண்டு கடைசியில் இடமில்லாமல் கையில் மிஞ்சும்.

இந்த வேலைக்குத் தமிழில் பொருத்துதல் என்று பெயர். தச்சர் வழக்கிலும் இரு மரம் சேருமிடம் பொருத்துதான். ஆகவே பொருத்துப்படம். 'துண்டுப்படம்' என்பாரும் உண்டு. பழைய திரையரங்குப் பேச்சில் 'துண்டு' என்றால் இடையில் செருகி ஓட்டும் ஆபாசக் காட்சி; அது தெரிந்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். 'ஒட்டுப்படம்' கொலாஜுக்கு, அதாவது காகிதத் துண்டுகளை ஒட்டிச் செய்யும் படத்துக்குப் போய்விட்டது.

'நவீன கலை' என்றதும் படிப்பவர் மனதில் பிக்காசோ வந்து நிற்பார். மூலச்சொல் ஆர் நூவோ, மூஹா வரைந்த அலங்காரப் பாணியின் பெயர். 1895 டிசம்பரில் சீக்ஃபிரீட் பிங் பாரிஸில் திறந்த கடையின் பெயரால் பரவியது. ஜெர்மானியர் 'யூகெண்ட்' இதழை வைத்து யூகெண்ட்ஸ்டில் என்றார்கள், இத்தாலியர் லண்டன் கடையொன்றை வைத்து லிபர்ட்டி பாணி என்றார்கள். கடைப்பெயரையும் இதழ்ப்பெயரையும் அகராதி பார்த்துப் பெயர்ப்பானேன்? ஆர் நூவோ என்றே எழுதலாம்.

'வெட்டு' பொருந்தும் இடம் ஒன்று உண்டு. பிரெஞ்சு நாடக நடிகை சாரா பெர்னாருக்காக மூஹா வரைந்த 'ஜிஸ்மோண்டா' சுவரொட்டி ஏறக்குறைய 216க்கு 74 செ.மீ. ஆயிரம் துண்டுப் படமோ சுமார் 68க்கு 48. ஒன்று, பக்கங்களில் வேறு அலங்காரம் சேர்த்து நிரப்ப வேண்டும். இல்லையென்றால் அம்மையாரை இடுப்போடு வெட்ட வேண்டும்.