ஃப்ளோ சைட்டோமெட்ரி, ஆர்.என்.ஏ. பகுப்பாய்வு: பயிற்சியிலேயே பார்த்துவிட வேண்டிய பிழைகள்

ஆய்வு மாணவர்களுக்கு நடக்கும் குறுகிய காலப் பயிற்சிகள் பலவற்றில் ஒரே குறைதான். பக்குவமாகத் தயாரித்த மாதிரியைக் கையில் கொடுத்து, எந்தப் பட்டன், எந்தக் கட்டளை என்று காட்டி, படம் வந்ததும் சான்றிதழ் கொடுத்துவிடுகிறார்கள். சிக்கல் சொந்த மாதிரியை ஓட்டும்போதுதான் தொடங்குகிறது. எதைப் போட்டாலும் மென்பொருள் ஒரு படம் வரைந்து தரும். அது தப்பான படம் என்று சொல்லாது. கெட்டுப்போன தரவு எப்படி இருக்கும் என்பதைப் பயிற்சியிலேயே கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

ஃப்ளோ சைட்டோமெட்ரி என்பது சாயமிட்ட செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓட்டி, அவற்றின் ஒளியை அளக்கும் முறை. அதில் பாதிப் பிரச்சினை மாதிரிக் குழாயிலேயே ஆரம்பிக்கிறது. செல்லின் குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டுவதற்காகச் சாயம் கோத்த ஆன்டிபாடி போடுகிறோம். இறந்த செல் கிடைத்த ஆன்டிபாடியையெல்லாம் ஒட்டிக்கொள்ளும். இல்லாத 'பாசிடிவ்' தெரியும். ஆகவே உயிருள்ளதையும் இறந்ததையும் பிரிக்கும் சாயம் கட்டாயம். செல்களை ஃபிக்ஸ் செய்யப் (ரசாயனத்தால் நிலைப்படுத்தப்) போவதில்லை என்றால் இறந்த செல்லின் டி.என்.ஏ.வில் ஒட்டும் 7-ஏஏடி சாயம் போதும். செய்வதாக இருந்தால், அதற்கு முன்பே புரதத்தின் அமீன் தொகுதியோடு பிணையும் 'ஃபிக்ஸபிள்' சாயம் போட வேண்டும். அதுவும் புரதம் கலக்காத உப்புக் கரைசலான வெறும் பி.பி.எஸ்.ஸில். சீரமோ ஆல்புமினோ கலந்த பஃபரில் போட்டால் அந்தப் புரதமே சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். செத்த செல்லும் உயிரோடிருப்பதுபோல் மங்கலாகத் தெரியும். செல்கள் திரளாமலிருக்க 2 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ., ஓட்டுவதற்குச் சற்று முன் 40 மைக்ரான் வடிகட்டி.

அடுத்தது காம்பென்சேஷன், அதாவது ஒரு சாயத்தின் ஒளி இன்னொன்றின் அளவில் கசிவதைக் கழிப்பது. 488 நானோமீட்டர் லேசரில் எஃப்.ஐ.டி.சி. சாயம் 520 நானோமீட்டர் வாக்கில் உச்சமாக ஒளிரும். ஆனால் அதன் வால் பி.ஈ. சாயத்துக்கான 575 வரை நீளும். அந்தக் கசிவைக் கழிக்க ஒவ்வொரு சாயத்துக்கும் அதை மட்டும் போட்ட தனிக் குழாய் வேண்டும். அதன் ஒளி மாதிரியின் ஒளிக்குக் குறையக் கூடாது. சாயமும் அதே சாயமாக இருக்க வேண்டும், எஃப்.ஐ.டி.சி.க்குப் பதில் பச்சையாக ஒளிரும் ஜி.எஃப்.பி. புரதம் செல்லாது. பாசிடிவுக்குச் செல்லுக்குப் பதில் பீட்ஸ் (நுண்மணிகள்) வைத்தால் நெகடிவுக்கும் பீட்ஸ்தான். இத்தனையும் சரியாக இருந்தும் பி.ஈ.-சை7 போன்ற, இரண்டு சாயம் கோத்த இணைசாயம் காலை வாரிவிடும். வெளிச்சத்தில் கிடந்தால் அது சிதையும், பி.ஈ. மட்டும் ஒளிர்ந்து, புதிய செல் வகை ஒன்று கிடைத்துவிட்டதுபோல் காட்டும். குழாயை அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள். எந்தச் செல்களை எடுப்பது என்று படத்தில் வரையும் கேட் எல்லையைக் கண்மதிப்பில் போடாமல், ஒரு சாயம் மட்டும் விடுபட்ட எஃப்.எம்.ஓ. குழாயை வைத்துப் போடுங்கள்.

எத்தனை செல் ஓட்டுவது? தேடும் வகை 0.01 சதவீதம் என்றால், அதில் 100 செல் கிடைக்கவே 10 லட்சம் செல் ஓட வேண்டும். அப்போதும் எண்ணிக்கையில் மட்டும் சுமார் 10 சதவீத ஏற்ற இறக்கம் இருக்கும்.

திசுவைப் பிரித்து ஒற்றைச்செல் ஆர்.என்.ஏ. வரிசைப்படுத்தலுக்கு (ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று படிப்பதற்கு) அனுப்புகிறவர்களுக்கு இன்னொன்று. 37 டிகிரியில் திசுவைப் பிரிக்கும் கொலாஜினேஸ் நொதி போட்டு ஊறவைக்கும் நேரத்திலேயே செல்கள் ஃபாஸ், ஜூன், வெப்ப அதிர்ச்சி மரபணுக்களை முடுக்கிவிடும். அதை நோயின் அடையாளம் என்று எழுதிவிடுவது சுலபம். நேரத்தைக் குறைக்கலாம், குளிரில் வேலை செய்யும் புரோட்டியேஸ் நொதிக்கு மாறலாம். செல்லின் ஆர்.என்.ஏ.வில் மைட்டோகாண்ட்ரியாவின் பங்கு 5 சதவீதத்தைத் தாண்டினால் அந்தச் செல்லை வெட்டு என்ற சூத்திரத்தையும் எல்லாத் திசுவுக்கும் போடாதீர்கள். மைட்டோகாண்ட்ரியா மிகுந்த இதயத் தசையில் நல்ல செல்களே காணாமல் போகும்.

கணினிப் பக்கம் வந்தால், வரிசைப்படுத்தல் கருவி தரும் கியூ30 என்ற தர மதிப்பெண்ணின் பொருள், ஓர் எழுத்து தப்பாக இருக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு என்பது மட்டுமே. வரிசைப்படுத்தத் தயாரித்த மாதிரித் தொகுப்பான லைப்ரரி சரியா என்பதற்கு அது சாட்சியில்லை. மரபணுவாரியாக ரீடுகளை (கருவி படித்த துண்டுகளை) எண்ணும் ஃபீச்சர்கவுண்ட்ஸ் மென்பொருளில், ரீடு எந்த இழையைச் சேர்ந்தது என்று சொல்லும் இழைத்திசை அமைப்பைப் பாருங்கள்: எதிர்த்திசை ரீடு தரும் டி.யூ.டி.பி. முறை லைப்ரரிக்கு 2. அங்கே 1 போட்டால் மரபணுவில் சேரும் ரீடுகள் அதலபாதாளத்துக்கு விழும், கண்டுபிடித்துவிடலாம். திசையே பார்க்காத 0 போட்டால்தான் ஆபத்து. எதிரிழை மரபணுவின் ரீடும் கலந்து, எண்கள் பார்க்க நன்றாகவே இருக்கும். மாதிரிகளை ஒப்பிடும் டீசீக்2 மென்பொருளுக்கு மூல எண்ணிக்கைதான் தர வேண்டும், ஏற்கெனவே அளவு சரிசெய்த டி.பி.எம். எண் அல்ல. எக்செல்லில் திறந்தால் செப்ட்2 என்ற மரபணு செப்டம்பர் 2 ஆகிவிடும். இந்தத் தொல்லையால்தான் 2020 வாக்கில் மனித மரபணுப் பெயரிடல் குழு அதை செப்டின்2 என்றே மாற்றியது; பழைய கோப்புகளில் பழைய பெயர் இன்னும் கிடக்கிறது.

மூன்று நோயாளிகளிடமிருந்து 20,000 செல் எடுத்தாலும் மாதிரி எண்ணிக்கை மூன்றுதான். செல்லை அலகாக வைத்தால் பி மதிப்பு நம்ப முடியாத அளவுக்குச் சிறிதாக வரும். ஆள்வாரியாகக் கூட்டிய பிறகே ஒப்பிட வேண்டும்.

பயிற்சித் தரவில் வேண்டுமென்றே ஆண், பெண் என இரண்டு மாதிரிகளின் பெயரை மாற்றி வைத்துவிட்டு, கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஆண் என்று எழுதிய மாதிரியில், பொதுவாகப் பெண் செல்களில் இயங்கும் எக்சிஸ்ட் மரபணு உயர்ந்திருக்கிறதா, பெண் என்றதில் ஒய் குரோமோசோமின் ஆர்.பி.எஸ்.4ஒய்1 தெரிகிறதா என்று பார்த்தால் பிடிபடும். ஒய் மரபணு இல்லாததை மட்டும் வைத்துப் பெண் என்று முடிவு கட்டக் கூடாது. வயதான ஆண்களின் ரத்தச் செல்களிலும் பல புற்றுநோய்ச் செல் வரிசைகளிலும் ஒய் தானாகவே உதிர்ந்திருக்கும்.